முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைக்காத ஒன்று

மதுரையில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் தோழி போனில் கேட்டாள். "ஹால் சன்னலை ஒட்டி, சுவரோடு சுவரா ஒரு பெஞ்ச் கட்டலாம்னு டிசைனர் சொல்றாரு. செட்டிநாடு ஸ்டைலாம். நீதான் காரைக்குடிக்காரியாச்சே, சொல்லு, கட்டலாமா?" படமும் அனுப்பினாள். வெள்ளைச் சுவர், பூக்கல் பதித்த மேடை, அதன்மேல் நாலைந்து குஷன், ஓரத்தில் பித்தளைச் சொம்பு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் அதில் உட்காரப்போவதில்லை என்பதும் பார்த்ததுமே தெரிந்தது. ஏன் என்று போனில் சொன்னால் விடிந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். வீடு கட்டுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும். கொஞ்சம் நீளமான பதிவு, காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, கோனாபட்டு என்று எங்கள் பக்கத்து ஊர் எதிலும் நகரத்தார் வீட்டுப் படியேறினால் நாற்காலிக்கு முன்னால் கண்ணில் படுவது திண்ணை. முகப்பில் நிலைக்கதவுக்கு இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும். கதவைத் தாண்டினால் முற்றத்தைச் சுற்றிய வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. சில வீடுகளில் பின்வாசல் அடுத்த தெருவிலேயே போய் முடியும். இவ்வளவு பெரிய வீட்டில் உட்கார இடமா இல்லை? இருந்தும் வீட்டு ஆண்களின் பகல் பொழுது முக்கால்வாசி முகப்புத் திண்ணையில்தான் போனது. கணக்கு எழுதியது, வட்டி பேசியது, பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்தது, மத்தியானம் தலை சாய்த்தது எல்லாம் அங்கேதான்.

அந்தத் திண்ணையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். சோபா உட்காருகிற இடத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அகலம் இருக்கும். சாய முதுகுப்பலகை கிடையாது. பின்னால் சுவர், முன்னால் பர்மா தேக்குத் தூணோ கருங்கல் தூணோ. கைவைக்க எதுவும் இல்லை. நாற்காலிக் கணக்கில் பார்த்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் யாரும் காலைத் தொங்கப்போட்டு உட்காரவில்லையே. பாயோ ஜமக்காளமோ விரித்து, சம்மணம் போட்டு, முதுகுக்கு ஒரு திண்டைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கணக்கப்பிள்ளை எதிரே சின்ன மேசைப்பெட்டி இருக்கும், அவ்வளவுதான். ரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்கப் போனபோதும் இதே உட்காரல்தான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்ற நீளக் கூடத்தில் வரிசையாகப் பெட்டியைப் போட்டு, தரையில் உட்கார்ந்தே லேவாதேவி நடத்தினார்கள். 1970களில் அந்தத் தெருவைப் புதுப்பிக்கிறோம் என்று கிட்டங்கிகளை இடிக்கும்வரை இது நடந்தது. திண்ணை என்பது நாலு பேர் பார்க்கும்படி உயர்த்திக் கட்டிய தரை. அதை பெஞ்ச் என்று நினைத்துக்கொண்டு அளவெடுத்தால் ஆரம்பமே கோணல்.

இதற்கு நேர் எதிர் கேரளத்துச் சாருபடி. பூமுகம் என்கிற வாசல் முகப்பைச் சுற்றி மரத்தில் பெஞ்ச் அடித்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்த முதுகுப்பலகை வைத்திருப்பார்கள். அது காலைத் தொங்கவிட்டு, முதுகைச் சாய்த்து, காற்று வாங்க. அகலம் அதிகம் தேவையில்லை. இரண்டும் சுவரோடு, தூணோடு சேர்த்துக் கட்டிய இருக்கைதான், இரண்டும் அவரவர் வேலைக்குச் சரிதான். தோழி வீட்டுப் படத்தில் இருந்ததோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்று. அகலம் 15 அங்குலம், சம்மணம் போட்டால் முட்டி வெளியே நிற்கும். உயரம் குஷனோடு சேர்த்து 22 அங்குலம், காலைத் தொங்கப்போட்டால் பாதம் தரையைத் தொடாது. முதுகுக்கு நேர்குத்தாகச் சுவர். பிறகு யார் உட்காருவார்கள்? துவைத்த துணிதான் உட்காரும்.

ஆகவே டிசைனரிடம் பேசுமுன் வீட்டில் பேசி முடிவு செய்யவேண்டியது இதைத்தான்: உங்கள் வீட்டில் யார், எப்படி உட்காரப்போகிறார்கள்? சம்மணம் போடுகிறவர்கள் என்றால் அகலம் 24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 30 இருந்தால் மத்தியானம் படுக்கவும் ஆகும். காலைத் தொங்கப்போடுகிறவர்கள் என்றால் அகலம் 18 முதல் 20 போதும். உயரம் குஷனோடு சேர்த்து 18. இந்தக் குஷன் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கொத்தனார் 18 அங்குலம் கட்டி முடித்துவிடுவார், அப்புறம் கடையில் 4 அங்குல போம் வாங்கி மேலே போட்டால் பார் ஸ்டூல் ஆகிவிடும். போம் எவ்வளவு கனம், உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மேடை உயரத்தைச் சொல்லவேண்டும். முதுகுக்கு நேர்ச்சுவர் வேண்டாம். ஆசாரியிடம் சொன்னால் கொஞ்சம் சாய்வாகப் பலகை அடித்துத் தருவார். அது முடியாதென்றால் நம் பழைய திண்டு இருக்கிறதே, உருட்டுத் திண்டு, அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

இன்னொன்று விளிம்பு. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பழைய திண்ணை ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கத்திமுனை மாதிரி எங்கும் இருக்காது, உருட்டி விட்டிருப்பார்கள். கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். உட்கார்ந்து எழும்போது குதிகால் உள்ளே போக அந்த நீட்டல் இடம் கொடுக்கிறது. இப்போது கட்டுகிறவற்றில் கிரானைட்டோ டைலோ நேர் மூலையாக வந்து நிற்கிறது. அரை மணி உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கம் கோடு விழும். ஆத்தங்குடிக் கல்லில் உருட்டு விளிம்பு வராது. அதனால் முன்ஓரத்துக்குத் தேக்குச் சட்டம் அடிப்பதோ, சிமென்டிலேயே உருட்டி ரெட் ஆக்சைடு தேய்ப்பதோ நல்லது. அடியில் 3 அங்குலம் உள்வாங்கிக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனார் "எதுக்குங்க இதெல்லாம்" என்பார். விடாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் என்றதும் ஞாபகம் வருகிறது, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செய்வதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, எடுத்து வெயிலில் உலர்த்தி, கண்ணாடியைக் கழற்றினால் பளபளவென்று முகம் வரும். சூளையும் இல்லை, சுடுவதும் இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

பெஞ்சுக்கு இதைப் போடுகிறவர்கள் கவனிக்கவேண்டியது அளவு. 8, 10, 12 அங்குலச் சதுரங்களில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பெஞ்ச் அகலம் 20 என்றால் 10 அங்குலக் கல் இரண்டு, 24 என்றால் 12 அங்குலக் கல் இரண்டு என்று வெட்டாமல் பதிக்கலாம். 22 அங்குலம் கட்டிவிட்டுக் கல் வாங்கப் போனால் பூவைப் பாதியில் வெட்டித்தான் ஒட்டவேண்டும், காலமெல்லாம் அந்த வெட்டு கண்ணை உறுத்தும். ஆசிட் ஊற்றிக் கழுவவும் கூடாது, முகம் போய்விடும். ஈரத்துணியும், எப்போதாவது துளி தேங்காயெண்ணெயும் போதும். உட்கார உட்கார மெருகேறும்.

திண்ணைக்குப் பின்னால் இருக்கிற சுவரை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காதவர் உண்டா? இமல்ஷன் அடித்த சுவரில் ஆறு மாசத்தில் ஆளுக்கொரு வட்டம் விழுந்துவிடும். பழைய வீட்டில் சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய், கருப்பட்டி ஊறிய தண்ணீரில் குழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுப் பூசி, கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டாது. தலை பட்ட இடத்தைத் துணியால் துடைத்தால் போய்விடும். இன்று அதைச் செய்யத் தெரிந்த கைகள் சில இருக்கின்றன, கூலி அதற்குத் தக்கபடி. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் உட்காரும் மட்டத்திலிருந்து தலை படும் உயரம்வரை மரமோ கல்லோ பதித்துவிடுங்கள். வெறும் பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் அளவும் பூச்சும். அதையும் தாண்டி ஒன்று உண்டு. திண்ணைக்கு எதிரே என்ன இருந்தது? தெரு இருந்தது, அல்லது வாசல் இருந்தது. தபால்காரர், மோர்க்காரி, பங்காளி, கடன்காரர் என்று யாராவது வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். உட்கார்ந்தவருக்குப் பார்க்கவும் பேசவும் ஆள் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பழைய திண்ணையின் சிவப்புத் தளத்தில் ஆணியால் கீறிய தாயக்கட்டம் இன்னும் இருக்கிறது. பக்கத்துத் தூணில் இடுப்பு உயரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீற்று. வெற்றிலை போட்டவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தடவித் தடவி வந்த தடம் அது. எத்தனை மத்தியானங்கள் அங்கே போயிருக்கும் என்று அந்தத் தூணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பமும் நம்மவர்கள் போல லேவாதேவிக்காரர்கள்தான். 1444இல் கட்டத் தொடங்கிய அவர்கள் மாளிகையின் வெளிச்சுவரில் தெருவைப் பார்த்தபடி கல் பெஞ்ச் ஓடுகிறது. காரியமாக வந்தவர்கள் அதில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். இங்கேயோ முதலாளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வந்தவர் கீழே நின்றாரா, பக்கத்தில் உட்கார்ந்தாரா என்பது வந்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

இதை மழுப்பக்கூடாது. வழிப்போக்கர் படுத்துறங்கிய திண்ணை, நீர்மோர் கொடுத்த திண்ணை என்று உருகி எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்த வழிப்போக்கர் என்ன சாதி என்று கேட்டுவிட்டுத்தான் பாய் விரிக்கப்பட்டது. தெருவோடு நின்று பேசிவிட்டுப் போனவர்கள் ஏராளம். பெண்களுக்கும் முகப்புத் திண்ணை இல்லை. அவர்களுக்கு வளவுத் தாழ்வாரமும் இரண்டாங்கட்டும்தான். அப்பத்தாக்கள் வளவுத் தாழ்வாரத்தின் ஓரத்தில் முற்றத்துப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு அரிசி புடைத்தது, வற்றல் காவல் காத்தது, வம்பளந்தது எல்லாம் அந்த உள்பக்க இருக்கையில். படம் எடுக்கிறவர்கள் யாரும் அந்த ஓரத்தை எடுப்பதில்லை. புது வீட்டில் கட்டுவதானால் நான் அதைத்தான் கட்டச் சொல்வேன்.

திண்ணையில் பள்ளிக்கூடமும் நடந்தது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. ஆசிரியர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என்று நடந்த பள்ளிகளும் அதில் சேர்த்திதான். பெஞ்ச் வாங்கக் காசு ஒதுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் செட்டிநாட்டுப் பணம் பெரும்பகுதி அங்கேயே நின்றுபோனது. 1948இல் விடுதலை வாங்கிய கையோடு பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, மிச்சத்துக்கும் அடி விழுந்தது. வருமானம் போனபின் இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக் காப்பாற்ற எத்தனை பேரால் முடியும்? ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், வளவில் அறைகள் உண்டு, ஆனால் முகப்பும் திண்ணையும் எல்லாருக்கும் பொது. வருஷத்தில் நாலு நாள், பூஜைக்கோ கல்யாணத்துக்கோ கதவு திறக்கும். அப்படியே விட்டுச் சரிந்த வீடுகளின் தூண், நிலை, பெல்ஜியம் கண்ணாடி, பெட்டகம், எனாமல் தூக்கு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து சென்னை ஓட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போயின. இன்றும் அந்தத் தெருவில் நடந்தால் ஒரு வீட்டையே துண்டு துண்டாக விலைபேசலாம். திண்ணையை மட்டும் பேச முடியாது. அது வீட்டோடு பிறந்தது, கழற்ற வராது. மேற்கூரை போய், தூண் போய், செடி முளைத்துக் கிடக்கிற மனைகளில்கூட மேடை மட்டும் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுவரோடு கட்டிய இருக்கைக்கு இது பெருமையும்தான், தொல்லையும்தான். நாற்காலி பிடிக்கவில்லையென்றால் ஓஎல்எக்ஸில் போட்டுவிடலாம். இதற்குக் கடப்பாரைதான். ஆகவே வாடகை வீட்டில் வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் கட்டுவதானால் செங்கல்லும் மண்ணும் போட்டு நிரப்பாதீர்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 18 கன அடி. செங்கல் கட்டு கன அடிக்கு 50 கிலோவுக்கு மேல் வரும், மொத்தம் ஒரு டன்னை நெருங்கும். பால்கனியில் இதைப் போட்டுவிட்டு மேலே நாலு பேர் உட்கார்ந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. உள்ளே கூடாக விட்டு, மேலே கடப்பாக்கல் பலகை போடுங்கள், அல்லது மரச்சட்டத்தில் செய்யுங்கள். தனி வீட்டில் தரைத்தளம் என்றால் கவலையில்லை.

கூடாக விட்டால் உடனே அதற்குள் சாமான் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் மேல்மூடி வைத்துச் செய்யாதீர்கள். குஷனைத் தூக்கி, உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, மூடியைத் திறந்து… யாரும் செய்யமாட்டார்கள், கொலுப் பொம்மையை வைத்தால் அடுத்த நவராத்திரிக்குத்தான் திறப்பீர்கள். முன்பக்கம் இழுப்பறை வைத்தால் புழங்கும். எங்கள் பக்கச் செம்மண்ணில் கரையானுக்கும் ஒரு கணக்கு உண்டு, அதனால் பிளைவுட் தரையைத் தொடக்கூடாது.

சாப்பாட்டு மேசைக்கு மூன்று பக்கமும் சுவர் பெஞ்ச் கட்டுவது இப்போது ஒரு மோகம். உள்ளே மாட்டிய மாமனார் எழுந்திருக்க மொத்தக் குடும்பமும் எழுந்து வழிவிடவேண்டும். கைப்பிடி இல்லாததால் முட்டிவலிக்காரர்கள் எதைப் பிடித்து எழுவார்கள்? ஒரு பக்கம் மட்டும் பெஞ்ச், மற்ற பக்கம் நாற்காலி, அதுதான் சரிப்படும்.

எங்கே கட்டினால் நிஜமாகவே புழங்கும்? என் கணக்கில் மூன்று இடம். ஒன்று, வாசற்கதவை ஒட்டிச் செருப்பு மாட்ட. நம் திண்ணைக்கு நேர் வாரிசு அதுதான், பெரியவர்கள் வாழ்த்துவார்கள். இரண்டு, சமையலறையைப் பார்த்தபடி. சமைக்கிறவரோடு பேச வீட்டில் யாருக்காவது ஒரு இடம் வேண்டாமா? மூன்று, சன்னலோரம், ஆனால் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி அல்ல, பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டும்படி. அதற்கு நீளம் 5 அடியாவது வேண்டும். டிவியைப் பார்க்க மட்டும் என்றால் சோபாவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுமுன் ஒருதடவை நேரில் உட்கார்ந்து பாருங்கள். ஆத்தங்குடிப் பெரிய வீட்டைச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கலாம். கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் இரண்டும் தங்கும் விடுதிகளாக இயங்குகின்றன. சென்னைவாசிகளுக்கு முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. பூட்டிய வீட்டுத் திண்ணை தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கிறதே என்று ஏறி உட்கார்ந்து செல்பி எடுக்காதீர்கள், அதற்கு முப்பது பங்காளிகள் சொந்தக்காரர்கள். வீட்டுக் காவலுக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் உள்ளேயே கூட்டிப்போய்க் காட்டுவார்.

தோழிக்கும் இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒன்றே ஒன்று. கொத்தனார் கலவை போடுமுன், அவர் அடுக்கி வைத்திருக்கும் செங்கல்லை எடுத்து, கலவை இல்லாமல் சும்மா அந்த இடத்தில் பெஞ்ச் உயரத்துக்கு அடுக்குங்கள். மேலே சாரப்பலகை இரண்டைப் போடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாரையும், முக்கியமாக வயதானவர்களை, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஒரு வரிசைச் செங்கல்லை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். மேஸ்திரி சிரிப்பார், சிரிக்கட்டும். எல்லாருக்கும் சரிப்பட்ட அளவைச் சுவரிலேயே பென்சிலால் குறித்துவிட்டு அப்புறம் கலவைக்குச் சொல்லுங்கள்.